பேர் கேட்காத வேலை

பள்ளிக்கூடத்தில் யாராவது யாரையாவது அடிக்கப் போகிறார்கள் என்று தெரிந்தால் பிள்ளைகள் ஓர் எண்ணுக்குச் செய்தி அனுப்பலாம். அந்தச் செய்திகளுக்குப் பதில் எழுதுவது என் வேலை. எந்தப் பள்ளி என்று கேட்கலாம், பேர் கேட்கக் கூடாது. வகுப்பைக்கூட அவர்களாகச் சொன்னால்தான் உண்டு. நானும் என் வேலையை வெளியே சொல்லக் கூடாது என்பதால், வீட்டைப் பொறுத்தவரை நான் செல்போன் கம்பெனியில் புகார் கேட்கிறவன். காலேஜைப் பாதியில் விட்டவனுக்கு இதுவே அதிகம் என்பது அக்காவின் கருத்து. அவள் வீட்டில் சாப்பிடுகிறேன். அதனால் எனக்கும் அதே கருத்துதான்.

வருகிற செய்திகளில் முக்கால்வாசியில் வன்முறையே இருக்காது. கணக்கு வாத்தியார் முறைக்கிறார், அது சேருமா என்று ஒருவன் கேட்பான். பக்கத்து பெஞ்சுக்காரி தன் ரப்பரைக் கடித்துத் தின்றுவிட்டதாக ஒருத்தி அழுவாள். ஒரு பையன் தன் மேலேயே புகார் கொடுத்தான். பரீட்சை நெருங்குவதால் தான் மிகவும் ஆபத்தான மனநிலையில் இருப்பதாகவும், பள்ளிக்கு லீவு விட்டுவிடுவது எல்லோருக்கும் பாதுகாப்பு என்றும் எழுதியிருந்தான். எல்லாவற்றுக்கும் மரியாதையாகத்தான் பதில் போட வேண்டும். ரப்பர் கதைக்குச் சிரித்துவிட்டால், நிஜக் கதை வரும்போது நம்மிடம் வர மாட்டார்கள்.

நிஜக் கதை ஒரு திங்கட்கிழமை சாயங்காலம் வந்தது. "என் ஃப்ரெண்டு பையில கத்தி வெச்சிருக்கான்."

ஒவ்வொன்றாகக் கேட்டேன். பெரிய வகுப்புப் பையன்கள் சிலர் அவனைத் தினமும் கழிவறையில் பிடித்து, குழாய்க்கடியில் தலையை அமுக்கி அனுப்புகிறார்களாம். ஈரத் தலையோடு வகுப்புக்குப் போனால் டீச்சர் திட்டுகிறாராம். இனிமேல் தொட்டால் குத்திவிடுவேன் என்று சொல்லி, பஸ்ஸில் பையைத் திறந்து கத்தியைக் காட்டியிருக்கிறான்.

அடுத்துக் கேட்க வேண்டியது, இது வேறு யாருக்குத் தெரியும் என்பது.

"எனக்கு மட்டும்தான். நான்தான் சொன்னேன்னு தெரிஞ்சா ஜென்மத்துக்கும் பேச மாட்டான். அவனுக்கு வேற யாரும் இல்ல. எனக்கும் அவன விட்டா யாரும் இல்ல."

வீட்டில் பெரியவர்கள் யாரிடமாவது சொல்ல முடியுமா என்று கேட்டேன். அதுவும் கட்டாயக் கேள்வி.

"அம்மாகிட்ட சொன்னா ஊருக்கே சொன்ன மாதிரி. மாமா ஒருத்தர் இருக்காரு. எதச் சொன்னாலும் 'ம்'னு சொல்லிட்டு சட்டைய அயர்ன் பண்ணிட்டு இருப்பாரு."

முந்தின நாள் நான் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது அக்கா மகள் வந்து நின்றாள். ஒருத்தரோட ரகசியத்தைக் காப்பாத்துறது பெருசா, அந்த ஆளையே காப்பாத்துறது பெருசா என்று கேட்டாள். வாதம் செய்வதில் குட்டி வக்கீல் என்று பெயரெடுத்தவள், ஏதோ பள்ளிப் பேச்சுப்போட்டி என்று நினைத்தேன். 'ம்' என்றேன்.

செய்தி அனுப்புவது தெரிந்தவர்கள் என்றால் இடத்தை வேறு ஆளுக்கு விட்டு எழுந்துவிட வேண்டும் என்பது விதி. சூப்பர்வைசர் அம்மாவைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். அவர் திரையைப் படித்தார், என்னைப் பார்த்தார், மறுபடி திரையைப் படித்தார்.

"இப்ப ஆள மாத்தினா பொண்ணு ஓடிடும். நீயே முடி. வீட்டுக்குப் போனா உனக்கு ஒண்ணும் தெரியாது. புரியுதா, மாமா?"

அன்றிலிருந்து அந்த அறையில் எல்லோருக்கும் நான் மாமா. என்னைவிட மூத்தவர்களுக்கும்.

ஒருத்திக்கு மட்டும் தெரிந்த ரகசியம் என்றால், பையனின் பையை மட்டும் சோதிப்பது அவள் பேரை மைக்கில் சொல்வதற்குச் சமம். அதனால் ஆய்வுக்கூடத்தில் சாமான் காணோம் என்று சொல்லி எல்லாப் பைகளையும் கொட்டிப் பாருங்கள், தகவல் வந்ததாக மூச்சு விடாதீர்கள் என்று தலைமையாசிரியருக்குச் சொன்னோம். மறுநாள் காலை அப்படியே செய்தார். பழம் வெட்டும் கத்தி ஒன்று கைக்குட்டையில் சுற்றியபடி கிடைத்தது. கூடவே ஏகப்பட்ட செல்போன்களும் உயிரோடு ஒரு தவளையும் கிடைத்தன. பையனை ஆலோசகரிடம் அனுப்பினார்கள். குழாயடி வீரர்களின் அப்பாக்கள் வரவழைக்கப்பட்டார்கள். ஒருவருக்கும் கீறல் இல்லை.

தலைமையாசிரியர் அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் திட்டம் வெற்றியடைந்த சந்தோஷம் அந்த மனிதரை உட்காரவிடவில்லை. அடுத்த வாரம், பையன் பள்ளிக்குத் திரும்பி வந்த அன்றே, காலைக் கூட்டத்தில் மைக்கைப் பிடித்தார். ஒரு வீர மாணவர் பஸ்ஸில் கத்தியைப் பார்த்து, பேர் சொல்லாமல் தகவல் கொடுத்து ஓர் உயிரைக் காத்திருக்கிறார், அவருக்குச் சான்றிதழ் தயார், பேர் எழுதும் இடம் மட்டும் காலியாக இருக்கிறது என்றார். பிறகு சொன்னார்: "அந்த மாணவர் தயங்காமல் மேடைக்கு வரலாம். ரகசியம் முழுமையாகக் காக்கப்படும்."

இதை அக்கா மகள் ராத்திரிச் சாப்பாட்டில் சொன்னாள், தட்டைப் பார்த்தபடி. மேடைக்கு யாரும் போகவில்லையாம். யாராவது வரும்வரை காத்திருக்கிறேன் என்று அவர் கையைக் கட்டிக்கொண்டாராம். அவளுக்கு முன்னால் நின்ற அந்தப் பையன் மெதுவாகத் திரும்பி அவளைப் பார்த்திருக்கிறான். யாரைப் பார்த்தான் என்பதை மட்டும் மாற்றி, 'பின்னாடி இருந்தவங்கள' என்று சொன்னாள். நான் மென்றுகொண்டிருந்தேன்.

அப்போதுதான் பீரங்கி என்று பட்டப்பெயர் வாங்கிய ஒரு பையன் எழுந்திருக்கிறான். இடி விழுந்தால் கையில் பிடித்தது நான்தான் என்று சொல்கிற ரகம். மேடையேறி, பஸ்ஸில் பை திறந்தபோது கத்தியைத் தன் கண்ணால் பார்த்ததாக மைக்கிலேயே சொல்லி, சான்றிதழை வாங்கிக்கொண்டான். பள்ளியே கைதட்டியது.

"பிள்ளைன்னா அப்படி இருக்கணும்" என்றாள் அக்கா. "நீயும் இருக்கியே. தண்ணிய டம்ளருக்குள்ள ஊத்துடி."

மறுநாள் சூப்பர்வைசர் அம்மா தலைமையாசிரியரிடம் போனில் பேசினார். குரலை உயர்த்தவே இல்லை. கேட்டுக்கொண்டிருந்த நாங்கள்தான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தோம்.

வீட்டில் நிலைமை வேறு மாதிரி ஆனது. குட்டி வக்கீல் கதவுகளை அறைந்து சாத்தத் தொடங்கினாள். அந்தப் பையன் இடைவேளையில் எல்லோர் எதிரிலும் பீரங்கியின் கையைப் பிடித்துக் குலுக்கி, ரொம்ப நன்றிடா என்று சொன்னானாம். ஒரு பொய்யனுக்கு இவ்வளவு மரியாதையா என்று அக்காவிடம் சண்டை போட்டாள். உனக்கென்ன வந்தது என்று அக்கா கேட்டாள். நல்ல கேள்வி. பதில் தெரிந்த இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கமாக எழுந்து போனோம்.

ஞாயிற்றுக்கிழமை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். கிளிப்புகளை எடுத்துக் கொடுக்கிற சாக்கில் வந்தாள்.

"பக்கத்து கிளாஸ்ல ஒரு பொண்ணு மாமா. கத்தி விஷயத்த நிஜமா சொன்னது அவதான்."

"அப்படியா."

"அவளால தாங்க முடியல. நேத்து அவன்கிட்டயே போய் நான்தான் சொன்னேன்னு சொல்லிட்டா. பேசாம போயிடுவான்னு நெனச்சா."

"போயிட்டானா?"

"இல்ல. எனக்குத்தான் தெரியுமே, பீரங்கி நம்ம பஸ்லயே வர்றது இல்லையேன்னு சொன்னான்."

கிளிப்பை வாங்க நீட்டிய கை அப்படியே நின்றது. அதற்கு வேறு காரணம் இருப்பதுபோல் சட்டையை உதறினேன். பிறகு எதற்கு அவனுக்கு நன்றி சொன்னானாம் என்று கேட்டேன்.

"அவளுக்கு நன்றி சொல்லியிருந்தா எல்லாருக்கும் தெரிஞ்சுபோயிருக்குமாம். பெரிய பசங்க அப்புறம் அவ தலைய நனைப்பாங்களாம். பீரங்கிக்கு ஒண்ணும் ஆகாது, மேடையேறி சான்றிதழ் வாங்கினவன எவனும் தொட மாட்டான்னான்."

அந்தப் பெண் இப்போது எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். அதற்கு மேல் கேட்க எனக்கு அனுமதியில்லை.

"அவளுக்கு என்ன, கடுப்புதான்" என்றாள். "ரகசியத்த அவளவிட அவன் நல்லா வெச்சிருக்கான்ல."