விருப்பப் பள்ளி வாரத்துப் பேனர்

எங்கள் ஊரில் ஒரே பள்ளி, அதுவும் எட்டாம் வகுப்போடு முடிந்துவிடும். மேலே படிக்க ஏற்காட்டுக்குப் போக வேண்டும். போக பஸ் கிடையாது. கரடியூரைத் தாண்டி எங்கள் பக்கம் வருவதெல்லாம் எஸ்டேட் ஜீப்பும் வழி தவறிய டூரிஸ்ட் காரும்தான். இப்படிப்பட்ட ஊரைத் தேடிப் பிடித்துத்தான் 'விருப்பப் பள்ளி வாரம்' கொண்டாட வந்தார்கள்.

என் தங்கை வெண்ணிலா எட்டு முடித்திருந்தாள். ஒன்பதில் சேராவிட்டால் அம்மாவோடு எஸ்டேட்டில் களை எடுக்க வேண்டியதுதான். எஸ்டேட்டில் ஆள் கணக்கு எழுதும் ரைட்டர் அவள் பெயரை எழுதிக்கொள்ளத் தயாராக இருந்தார்.

திங்கட்கிழமை காலை ஒரு மஞ்சள் பஸ் வந்தது. பலூன், மைக் செட், டிவி கேமரா எல்லாம் கூடவே வந்தன. 'உங்கள் பிள்ளை, உங்கள் பள்ளி, உங்கள் விருப்பம்' என்ற பேனரில் வெள்ளைக்காரக் குழந்தைகள் சிரித்தார்கள். ஊரின் முதல் பட்டதாரி என்று என்னை உறுதிமொழி வாசிக்கச் சொன்னார்கள்.

"எனக்கு விருப்பமான பள்ளியில் என் பிள்ளையைச் சேர்ப்பேன்."

பெண்கள் கையை நீட்டித் திருப்பிச் சொன்னார்கள். இதை அரசு முழுமையாக ஆதரிப்பதாக, விழா நடத்த வந்திருந்த கல்வி அலுவலர் பேசினார். எதைக் கொடுத்து ஆதரிக்கிறது என்று கேட்டேன்.

"தார்மீக ஆதரவும்மா," என்றார். அதற்கும் கைதட்டினார்கள்.

பிறகு பிள்ளைகளையும் தாய்மார்களையும் பஸ்ஸில் ஏற்றிக் கொடியசைத்தார். பஸ் முதல் வளைவு வரை போய் நின்றது.

"அவ்வளவுதானுங்க, எறங்குங்க," என்றார் டிரைவர் சதீஷ்.

"ஏனுங்க, ஏற்காடு வரலீங்களே," என்றாள் அம்மா.

"ஏற்காடா? போட்டோவுக்குங்க இது. சேலத்துல ஒரு பள்ளிக்கூடத்து வண்டியக் கேட்டு வாங்கியாந்திருக்காங்க."

அம்மா ஜன்னலோரம் நன்றாகச் சாய்ந்துகொண்டாள். "கைய நீட்டிச் சத்தியம் பண்ணியாச்சு சாமி. பாதியில எறங்குனா நம்ம மலைச்சாமி சேர்வராயன் சும்மா உடுவாரா? பள்ளிக்கூடத்துலதான் எறங்குவோம்."

ஒருத்தியும் அசையவில்லை. அலுவலர் மூச்சிரைக்க ஓடி வந்தார். பின்னாலேயே கேமராவும் வந்தது.

"ஏம்மா, உறுதிமொழின்னா சும்மா சொல்றதும்மா!"

"நீங்களுந்தானுங்க கைய நீட்டுனீங்க. உங்க ஊட்டுல சும்மாதான் சத்தியம் பண்ணுவீங்களா?"

"சார், லைவ் ஓடுது," என்றேன் நான்.

அவர் கேமராவைப் பார்த்துச் சிரித்தார். கொடியை இன்னொரு முறை அசைத்தார். அன்று மதியம் வெண்ணிலா ஏற்காட்டில் ஒன்பதாம் வகுப்பில் உட்கார்ந்திருந்தாள்.

'வாரம்' என்று பேனரிலேயே இருந்ததால் வெள்ளி வரை பஸ் வந்தது. வெள்ளிக்கிழமைப் பேப்பரில் எங்கள் படம் வந்திருந்தது. மலை மக்களிடம் பெரும் வரவேற்பாம். பெற்றோரே ஏற்காட்டை விரும்பித் தேர்ந்தெடுத்துவிட்டதால், எங்கள் பள்ளியை உயர்நிலைப் பள்ளியாக்கும் கோரிக்கை கைவிடப்படுகிறதாம். படித்துச் சொன்னேன். அம்மா பள்ளி வாசலில் கட்டியிருந்த பேனரை அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டு ஆட்டுக் கொட்டகைப் பக்கம் போனாள்.

சாயங்காலம் பிள்ளைகளை இறக்கிவிட்ட சதீஷ் தலையைச் சொறிந்தார்.

"வாரம் முடிஞ்சுதுங்கக்கா. பேனரக் குடுத்துருங்க. திங்கக்கெழம பத்து மணிக்குக் கிளியூர்ல விழா. இருக்கறதே ஒரே பேனருங்க."

பேனர் கொட்டகைமேல் இருந்தது. வெள்ளைக்காரக் குழந்தைகளின் முகத்தில் மழை வழிந்தது. அடியில் ஆடுகள் நனையாமல் அசைபோட்டன.

"மழை நொம்பப் பேயுது கண்ணு. திங்கக்கெழம காலைல எட்டு மணிக்கு வந்து வாங்கிக்க," என்றாள் அம்மா. "பஸ்ஸுலயே வா."

திங்கட்கிழமை பஸ் வந்தது. கதவு திறந்ததும் முதலில் ஏறியது வெண்ணிலா.

"அக்கா, பேனரு?" என்றார் சதீஷ் அம்மாவிடம்.

"புள்ளைங்கள எறக்கி உட்டுட்டு வா, தர்றேன்."

"நாளைக்கும் இதையேதான சொல்லுவீங்க?"

"நீ வெவரமான புள்ள சாமி."

சதீஷ் சிரித்துக்கொண்டே கியரைப் போட்டார். நான் கொட்டகைமேல் ஏறிப் பேனருக்கு இன்னொரு முடிச்சுப் போட்டேன்.