கட்டை மேல் ஓடிய படகு

படகு தரையில் நின்றது. அதன் சொந்தக்காரன் கடலில் தத்தளித்துக்கொண்டிருந்தான்.

பட்டறையில் மரக்கட்டைகள் மேல் ஏற்றி நிறுத்தியிருந்த அந்தப் படகுக்குள் ஒரே தாவலில் ஏறினாள் அவன் மனைவி. பட்டறையின் எலக்ட்ரீஷியனே அவள்தான். பின்னாலேயே மூச்சிரைக்க ஏறினான் கொழுந்தன். நண்பனின் சின்னப் படகை இரவல் வாங்கிக்கொண்டு காலையில் போன புருஷன், ஐந்து நிமிடத்துக்கு முன் போனில் கத்தியிருந்தான். "எஞ்சின் படுத்துடுச்சு. நம்ம பாறை மேட்டுல நங்கூரம் போட்டிருக்கேன். உள்ள தண்ணி ஏறுது!" அத்தோடு போன் செத்தது.

பாறை மேடு எங்கே என்று துல்லியமாகச் சொல்ல இந்தப் படகில் உள்ள, மீன் இருக்குமிடம் காட்டும் ஃபிஷ் ஃபைண்டர் கருவியை விட்டால் நாதியில்லை. அவன் குறித்து வைத்த இடமெல்லாம் அதற்குள்தான்.

கொழுந்தன் பொத்தானுக்குப் பாய்ந்தான்.

"கையை எடு தம்பி!"

"அண்ணி, அங்க அண்ணன் உயிர் ஊசலாடுது!"

"தெரியும். போட்ட உடனே அடியில இருக்கற சென்சார் வேலையை ஆரம்பிச்சிடும். தண்ணிக்குள்ள இருந்தாத்தான் அதோட சூடு ஆறும். வெளியில விட்டா வெந்து போயிடும். பத்து செகண்ட் பொறு."

கருவியின் முதுகுப் பக்கம் கைவிட்டு, சென்சார் ஒயரைத் திருகி உருவினாள். "இப்ப போடு."

திரை நீலமாய் விழித்தது. கொழுத்த மீன்கள் வரிசையாக நீந்தின.

"மீனே தெரியுது அண்ணி!" கொழுந்தன் வயர்லெஸைப் பிடுங்கினான். மறுமுனையில், ஏற்கெனவே தகவல் போயிருந்த மீட்புப் படகின் கேப்டன், எஞ்சினை உறுமவிட்டுக் காத்திருந்தார். "எழுதிக்குங்க சார்..." திரையின் மூலையில் இருந்த இடம் காட்டும் எண்களை, அதுதான் பாறை மேடு என்று நினைத்து, கடகடவென்று ஒப்பித்தான்.

அவள் கண் எண்களுக்குப் பக்கத்தில் நின்றது. வேகம்: மணிக்குப் பத்து கிலோமீட்டர்.

வயர்லெஸ் அவள் கைக்கு மாறியது. "கேப்டன், எழுதினதை அடிச்சிடுங்க. ஒரு நிமிஷம்."

"என்ன அண்ணி?"

"நம்ம படகு எங்க நிக்குது?"

"கட்டை மேல."

"அப்புறம் பத்து கிலோமீட்டர் வேகத்துல எங்க போகுது? மாமியார் வீட்டுக்கா? சென்சாரைக் காணோம்னதும் இது டெமோவுக்குப் போயிடுச்சு. கடையில ஆள் பிடிக்கக் காட்டற படம். மீனும் பொய், இடமும் பொய்."

"அப்போ?"

"உங்க அண்ணன் கையால குறிச்சது மட்டும் பொய்யாகாது."

அவன் குறித்த இடங்களின் பட்டியலைத் திறந்தாள். நாற்பது பெயர்கள். பாறை என்று ஒன்றுகூட இல்லை. வழுக்கை, வாத்தியார், தூங்குமூஞ்சி...

"அதுதான்!" கொழுந்தன் துள்ளினான். "தூங்குமூஞ்சி! என்ன இழுத்தாலும் அசையாத பாறைன்னு என் பட்டப்பேரை வெச்சிட்டாரு. அதுல சிக்கி வலை கிழிஞ்ச அன்னிக்கு நானும் கூட இருந்தேன்."

அவள் எண்களை நிறுத்தி நிதானமாய் வாசித்தாள். கேப்டன் திருப்பிச் சொன்னார். சரிபார்த்தாள். "கிளம்புங்க."

நாற்பது நிமிடம் நகத்தைக் கடித்தது கொழுந்தன்தான். அவள் கருவியை அணைத்து, ஒயரைப் பழையபடி முடுக்கி, பொத்தான் மேல் 'தண்ணீரில் இறக்கிய பிறகு' என்று எழுதி ஒட்டினாள்.

வயர்லெஸ் கரகரத்தது. புருஷன் குரல்.

"இடுப்பு வரைக்கும் நனைஞ்சிட்டேன். வேற ஒண்ணுமில்ல. நேரா எங்கிட்டயே வந்து நின்னாங்க."

"வந்து சேருங்க," என்றாள். அப்போதுதான் அவள் படகின் விளிம்பில் உட்கார்ந்தாள்.