ருசி பார்க்காத சாம்பார்

ராக்காயிக்கு நாக்கு செத்துப்போன செய்தி மலேசியாவின் செமோர் ஊர் முழுக்கப் பரவ மூன்று நாள்கூட ஆகவில்லை. விஷக்காய்ச்சலில் பத்து நாள் படுத்து எழுந்தவளுக்கு உப்பும் தெரியவில்லை, புளிப்பும் தெரியவில்லை. சீனியை அள்ளி வாயில் போட்டால் மணலைப் போட்டது போல இருந்தது.

"நரம்பு பழுதாகிப்போச்சு அம்மா. மணம் தெரியுதுதானே, அது பெரிய காரியம். ருசி திரும்பி வரவும் கூடும், வராமல் விடவும் கூடும்" என்றார் ஈப்போ டாக்டர் கதிரவேலு. ஆறுதலுக்குக்கூடப் பொய் சொல்லத் தெரியாத மனுஷர்.

ஈப்போவில் ஒரு ஃபேக்டரி கேண்டீனில் அவள் சமையல்காரி. காய்ச்சலுக்குப் பிறகு முதல் நாள் மீன்குழம்புக்கு உப்புப் போட்டாள், வாயில் விட்டுப் பார்த்தாள், சப்பென்று இருந்தது. மறுபடி போட்டாள், மறுபடி சப்பென்று இருந்தது. மத்தியானம் ஃபேக்டரியே குழாயடியில் நின்றது. மறுநாள் வேலை போயிற்று. அதையாவது தாங்கிக்கொண்டாள். கோவில் அடுப்பும் கைவிட்டுப் போனதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

செமோரில் ராக்காயியும் சனமும் குடியிருந்த ரப்பர்த் தோட்டம் விற்றுப்போய் ஏழு வருஷமாகிவிட்டது. மாரியம்மன் கோவில் மட்டும் அங்கேயே இருந்தது. திருவிழாவுக்கு ஈப்போ, பத்து காஜா என்று ஊர் ஊராய்ச் சிதறிய சனமெல்லாம் அங்கே வந்து சேரும். இருபது வருஷமாகப் படையல் சமையல் ராக்காயியுடையது. இந்த 1981இல் கோவில் தலைவர் ஐயாவு தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றார்.

"அக்கா, ஈப்போலேருந்து ஜெயபாலன் வாரான். பெரிய கல்யாணச் சமையக்காரன்லா. நீங்க இந்தத் தடவ காய் வெட்டுங்க, போதும்."

காய் வெட்டினாள். வெட்டிய ஒவ்வொரு கத்தரிக்காயும் ஐயாவுவின் தலையாகவே தெரிந்தது.

ஜெயபாலன் கெட்டிக்காரன்தான், இல்லையென்று சொல்ல முடியாது. பத்து மணிக்கே சாம்பார் கொதித்தது, வாசம் ஆளைத் தூக்கியது. அப்புறம் என்ன, பழக்கதோஷம்! கரண்டியில் எடுத்து உள்ளங்கையில் விட்டு நக்கினான்.

கோவில் பக்கமிருந்து, "அடப்பாவி!" என்று பூசாரி சீனி அலறினார். அம்மனுக்குப் படைக்கும் முன்னால் நக்கிய சாம்பார் எச்சில் சாம்பார். அந்த அண்டா இனி படையலுக்கு ஆகாது. பூசைக்கு இரண்டே மணி நேரம்.

"திரும்ப வைடா, வாய வைக்காம வை" என்றார் ஐயாவு.

"ருசி பாக்காம எப்டிண்ணே உப்பு போடறது? முந்நூறு பேருக்குலா!" ஜெயபாலன் கரண்டியைக் கீழே வைத்துவிட்டான்.

ராக்காயி கத்தியை வைத்துவிட்டு எழுந்தாள்.

"ஐயாவு, இருபது வருசமா இங்க ஆக்குறேன். ஒரு நாளு நான் நக்கிப் பாத்தத நீ பாத்திருக்கியா?"

ஐயாவு திரும்பிப் பூசாரியைப் பார்த்தார்.

"அப்பல்லாம் கேக்காத நாக்க இப்ப ஏன்டா கேக்குற? தள்ளு."

சொல்லிவிட்டாளே தவிர, அடுப்புமுன் நின்றதும் கேண்டீன் குழாயடி கண்முன் வந்தது. இதிலும் தவறினால் ஊரில் தலைகாட்ட முடியாது. ஆனால் புளியைக் கரைத்த கைக்கு அளவு தெரிந்திருந்தது. பருப்பு வெந்த வாசம் மூக்குக்குத் தெரிந்தது. கல்லுப்பு நான்கு கை அள்ளிப் போட்டாள். ஐந்தாவதுக்குக் கை நீண்டது. கேண்டீனில் கெடுத்ததே இப்படி மறுபடி நீண்ட கைதான். உப்புச் சட்டியை மூடித் தூர வைத்துவிட்டாள்.

பன்னிரண்டு மணிக்குப் படையல் ஆனது, பந்தி உட்கார்ந்தது. ராக்காயி தூணோரம் நின்று, முதல் கவளம் போன வாய்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். யாரும் முகம் சுளிக்கவில்லை. யாரும் தண்ணீர் கேட்கவில்லை. "சாம்பார் இங்க வா, சாம்பார்!" என்று வரிசைக்கு வரிசை கத்தினார்கள். ஜெயபாலன் மூன்றாவது தடவையாக இலைச் சோற்றில் குழி பறித்தான்.

"ஒரு கல்லு உப்பு கூடல, ஒரு கல்லு கொறையல. எப்டிக்கா?"

ராக்காயி கடைசிப் பந்தியில் தானும் உட்கார்ந்து சாப்பிட்டாள். வாயில் ஒன்றும் தெரியவில்லை, மணல்தான். ஆனாலும் இலையை வழித்துச் சாப்பிட்டாள். அத்தனை சந்தோஷம் அவளுக்கு.

ஐயாவு மறுபடி தலையைச் சொறிந்துகொண்டு வந்தார். "அக்கா, அடுத்த வருசம்..."

"ஜெயபாலனையும் வரச் சொல்லு. காய் வெட்ட ஆள் வேணும்லா."