பதினான்கு சட்டையும் ஒரு மருந்துப் புட்டியும்

அந்த வருடம் தீபாவளியும் நோன்புப் பெருநாளும் ஒரே வாரத்தில் வந்து விழுந்தன. பதுளைக் கடைவீதியில் இருந்த டெய்லர்கள் எல்லோரும் வாயெல்லாம் பல்லாகத் திரிந்தார்கள். நான் மட்டும் கண்ணெல்லாம் சிவப்பாகத் திரிந்தேன்.

காரணம் தெரியாமலில்லை. நோன்பு நாளில் பகல் முழுக்க ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. மெஷினில் குனிந்தேனென்றால் தையல் ஓடி முடியும்வரை நான் கண் இமைப்பதில்லை. அதில் எனக்குப் பெருமை வேறு. "ஜாபிர் இமைக்காமல் தைப்பான்" என்று நானே ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தேன். பக்கத்தில் கரி இஸ்திரிப்பெட்டி. அதன் புகைக்கு வேறு போக்கிடம் கிடையாது, நேரே என் முகத்துக்குத்தான் வரும். கண்ணுக்குள் மணலை அள்ளிக் கொட்டியதுபோல் அறுத்தது.

இந்த நேரத்தில்தான் என் மனைவி ஸைனபின் தம்பி வாஹித் கொழும்பிலிருந்து வந்து இறங்கினான். கப்பலில் வேலை பார்ப்பவன். தரையில் நடக்கும்போதும் தளத்தில் நடப்பதுபோல்தான் நடப்பான். அன்று மாலை நோன்பு திறந்தபின் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னப் புட்டியை எடுத்தான்.

"மச்சான், இது வெளிநாட்டு மருந்து. ஒரு சொட்டு விட்டுப் பாருங்க."

விட்டேன். சில நிமிடத்தில் கண் பாலாக வெளுத்துவிட்டது. கண்ணாடியில் என் அழகைப் பார்த்து நானே கொஞ்சம் மயங்கிப்போனேன். ஆனால் தொண்டையில் ஒரு கசப்பு இறங்கியது. அதுதான் வினை. கண்ணில் விட்டது தொண்டைக்கு வருமென்றால், பகலில் விட்டால் நோன்பு என்னாவது? ஆகவே பகலில் புட்டியைத் தொடுவதில்லை என்று முடிவு செய்தேன். பகலுக்கும் சேர்த்து நோன்பு திறந்ததும் ஏழெட்டுச் சொட்டு, விடியுமுன் சஹர் சாப்பாட்டுக்கு எழுந்ததும் ஏழெட்டுச் சொட்டு. என் புத்தி அந்த லட்சணத்தில் வேலை செய்தது.

விட்டால் வெளுக்கும். சூரியன் மேலே ஏறுவதற்குள் முந்திய நாளைவிடச் சிவக்கும். அடுத்த வேளைக்கு இன்னும் இரண்டு சொட்டைக் கூட்டுவேன்.

"மருந்து விடாத காலத்துல இந்தளவு சிவப்பு இல்லையே. எனக்குப் பயமா ஈக்குது" என்றாள் ஸைனப்.

"உனக்கு என்ன தெரியும்? வெளிநாட்டு மருந்து!" என்று அவள்மேல் எரிந்து விழுந்தேன். பயம் எனக்கும் இருந்தது. ஊசியில் நூல் கோக்க அவளைத்தான் கூப்பிட வேண்டியிருந்தது.

அந்த வருடம் எனக்கு வந்த தீபாவளி வேலையில் பெரியது இராக்கம்மாவுடையது. தெமோதரைப் பக்கத் தோட்டத்தில், ஃபெக்டரியில் தேயிலைத் தூள் சலிக்கிறவள். அவள் குடியிருக்கும் லயத்தின் வரிசை வீட்டுப் பிள்ளைகள் பதினான்கு பேருக்கும் அவள்தான் துணி கொண்டுவந்தாள். கூட்டுறவுக் கடைக்கு வந்ததே ஒரே ஒரு கட்டுத் துணி. மஞ்சளில் நீலப் பூ. பெண்பிள்ளைகளுக்குக் கவுன், ஆண்பிள்ளைகளுக்குச் சட்டையும் காற்சட்டையும், எல்லாம் அதே பூ.

"போன வருசம் வேற டெய்லருகிட்ட குடுத்தோம் நானா. தீபாவளிக்கு மறுநாத்தான் குடுத்தாரு. புள்ளைங்க பழசோட நின்னுச்சுங்க, பாக்க முடியல. நீங்களும் கைவிட்டுறாதீங்க" என்றாள். 'நானா' என்றால் எங்கள் பக்கத்தில் அண்ணன்.

"ஜாபிர் சொன்னால் சொன்னதுதான்" என்று மார்தட்டி அனுப்பினேன்.

தீபாவளிக்கு நான்கு நாள் இருக்கும்போது ஐந்து பிள்ளைகளின் உடுப்புத்தான் முடிந்திருந்தது. ஆறாவது ஒரு காற்சட்டை. அதைத் தைத்து முடித்து நான் நிமிரவும் இராக்கம்மா கடைக்குள் வரவும் சரியாக இருந்தது. அவள் அதை எடுத்து இப்படியும் அப்படியும் திருப்பினாள். முன்பக்கத் துண்டுக்குப் பதிலாக இன்னொரு காற்சட்டையின் பின்பக்கத் துண்டைச் சேர்த்துத் தைத்திருந்தேன்.

"ஏன் நானா, இதப் போட்டுக்கிட்டு நடந்தா புள்ள வர்றானா போறானான்னு எப்பிடித் தெரிஞ்சுக்கிறது?"

விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு நின்றுவிட்டது.

"மெஷின மூடுங்க. எனக்கும் தூள் தூசியில கண்ணு இப்பிடித்தான் ஆச்சு. அவ சொன்னா இவ சொன்னான்னு கண்ட மருந்தையும் விட்டுட்டு, கடைசியில பெரியாஸ்பத்திரிக்குத்தான் ஓடுனேன். எந்திரிங்க."

வேறு நாளாக இருந்தால் சண்டை பிடித்திருப்பேன். அன்று மெஷினை மூடினேன். கண் போனால் நான் என்ன டெய்லர்? பதினான்கு பிள்ளைகள் இந்த வருடமும் பழசோடு நிற்பதற்கு நானா காரணமாவது? அவள் பின்னால் நடந்தேன். புட்டி என் பையில் இருந்தது.

ஆஸ்பத்திரியில் ஒரு யாழ்ப்பாணத்து டொக்டர். டோர்ச் அடித்துப் பார்த்தார், எழுத்துப் பலகையை வாசிக்கச் சொன்னார். என்ன வேலை என்று கேட்டார், இமைக்காமல் தைப்பதை மறக்காமல் சொன்னேன். புட்டியை வாங்கி விளக்குக்கு நேரே பிடித்தார்.

"இது சிவப்பை மறைக்கிற மருந்து. இரத்தக் குழாயைச் சுருக்கி வைக்கும். வேகம் இறங்கினதும் முந்தியை விட மோசமாய்ச் சிவக்கும். நீங்கள் திரும்ப விடுவீங்கள், அது திரும்பச் சிவக்கும். இதை எப்ப திறந்தது?"

எனக்கென்ன தெரியும்? கப்பலில் பாதிப் பேர் விட்டுப் பார்த்த புட்டி என்று வாஹித் பெருமையாகச் சொன்னதைச் சொன்னேன். டொக்டர் அதைக் குப்பைத் தொட்டியில் போட்டார். வெளிநாட்டு மருந்தாயிற்றே என்று நான் தொட்டியை எட்டிப் பார்த்தேன்.

"ஒருத்தர் கண்ணில பட்ட புட்டியை இன்னொருத்தர் தொடக் கூடாது. உங்கட கண்ணுக்குப் பெரிய வருத்தம், நோய் எண்டு ஒண்டும் இல்லை. கண்ணீர் காணாது, குறைவாய் இருக்கு, அவ்வளவுதான். இமைக்காமல் இருந்தால் எப்பிடிக் கண்ணீர் பரவும்?"

என் இருபது வருடப் பெருமை அந்த இடத்தில் மண்ணாகிப் போனது.

கண்ணீரைப் போலவே இருக்கும் ஒரு சொட்டு மருந்தை எழுதித் தந்தார். பகலிலும் விட வேண்டும் என்றதும் நோன்பைப் பற்றிச் சொன்னேன். "ஒரு சொட்டுக் காணும், கூட வேண்டாம். கீழ் இமையை இழுத்து விட்டிட்டு, கண்ணை மூடி, மூக்கோரத்து மூலையை விரலால ஒரு நிமிசம் அமத்துங்கோ. தொண்டைக்கு இறங்காது. புட்டி வாய் கண்ணில முட்டக் கூடாது. சமயத்தைப் பற்றி உங்கட ஆக்களிட்டைக் கேளுங்கோ. வலி வந்தாலோ பார்வை மங்கினாலோ உடனே வாங்கோ."

திரும்பும் வழியில் பள்ளிவாசலில் தொழுகை நடத்தும் லெப்பையிடம் மூன்று வாரக் கதையைச் சொல்லிக் கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அழுதா கண்ணீரும்தான் தொண்டைல உப்புக் கரிக்கும். அதுக்காக அழுதவன்ட நோன்பு முறியுதா? கண்ணுல மருந்து விட்டா நோன்பு முறியாது. இதக் கேக்க மூணு கிழமையா?"

அன்றே என் கடையில் ஆட்சி மாறிவிட்டது. இஸ்திரிப்பெட்டியைப் பின்வாசலுக்குக் கடத்தினாள் ஸைனப். புதுப் புட்டியின் கழுத்தில், வாடிக்கையாளர் துணியில் கட்டும் சீட்டொன்றில் திறந்த திகதியை எழுதிக் கட்டினேன். ஒரு மாதம் முடிந்தால் வீசச் சொல்லியிருந்தார் டொக்டர். அடுத்த நாள் இராக்கம்மா லயத்துப் பெண்கள் மூவரோடு வந்து சேர்ந்தாள். ஓரம் மடிப்பது, பொத்தான் வைப்பது, இரண்டு பின்பக்கக் காற்சட்டையைப் பிரிப்பது எல்லாம் அவர்கள் பாடு. மெஷின் மட்டும் என் பாடு. ஒவ்வொரு தையல் முடிந்ததும் நான் கண்ணை மூடிப் பத்து எண்ண வேண்டும். ஏழில் திறந்தால் இராக்கம்மா அடிக்கோலால் மேசையைத் தட்டுவாள்.

"இன்னும் மூணு இருக்கு நானா!"

என் கடையில் என்னை மிரட்டுகிறாளே என்று கோபம் வந்தது. ஆனால் மூன்றாம் நாள் ஊசியில் நூலை நானே கோத்தேன். யாருக்கும் சொல்லாமல் இன்னொரு தடவை உருவிவிட்டுக் கோத்துப் பார்த்தேன். தீபாவளிக்கு முந்திய நாள் மாலை பதினான்கும் முடிந்தது.

தீபாவளியன்று பிற்பகல் அஸர் தொழுதுவிட்டுக் கடையில் இருந்தேன். பஸ்ஸிலிருந்து ஒரு மஞ்சள் கூட்டம் இறங்கியது. பதினான்கு பிள்ளைகளும் கடை வாசலில் வரிசையாக வந்து நின்றன. வீதி முழுக்க நீலப் பூ. அந்தக் காற்சட்டைக்காரன் முன்னும் பின்னும் திரும்பிக் காட்டினான். இராக்கம்மா ஒரு பார்சலை மேசைமேல் வைத்தாள்.

"முறுக்கு. நோன்பு தொறந்துட்டு சாப்புடுங்க. புள்ளைங்க விடிய உடுத்துனதுதான், கழட்டவே மாட்டேங்குதுங்க."

நான் பார்சலைக் கையிலெடுத்துக்கொண்டு பிள்ளைகளைப் பார்த்தேன். கண் நிறைந்து, வழிந்து, தாடிக்குள் இறங்கியது. மூன்று கிழமையாக மணலாகக் கிடந்த கண்.

"டொக்டர் சொட்டுச் சொட்டாத்தானே விடச் சொன்னார்" என்றாள் ஸைனப். அவள் கண்ணும் நனைந்துதான் இருந்தது.

தொண்டையில் உப்புக் கரித்தது. நோன்பு திறக்க இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. நான் கவலைப்படவே இல்லை.