பலாக்குச்சியில் நெய்த வெள்ளைச் சாரன்

ஸுஹைறா நெய்த வெள்ளைச் சாரனில் சாணுக்கொரு வெளிர்மஞ்சள் கோடு விழுந்தது. கையைக் கழுவினாள், தறியைத் துடைத்தாள். கோடு நிற்கவில்லை.

சாரன், கத்தாரில் இருக்கும் கணவன் காலிதீன் இடுப்பில் உடுத்த. இந்தப் பெருநாளுக்கும் அவனுக்கு லீவு இல்லை. வெள்ளிக்கிழமை விமானம் ஏறும் பக்கத்து வீட்டு பஸாலிடம் கொடுத்துவிட வேண்டும். தறியில் குறுக்கே ஓடும் ஊடு நூலைச் சுற்றும் குச்சிகளைக் காலிதீன்தான் பலா மரத்தில் கடைந்து வைத்துவிட்டுப் போயிருந்தான். இத்தனை நாளும் தொடாத அவற்றை இந்தச் சாரனுக்கென்றே அவள் எடுத்தாள்.

"பிளாஸ்டிக் குச்சி கிடக்குமே புள்ள, அதப் போடன்" என்றான் காலிதீன் போனில்.

"உங்கட கை பட்ட குச்சியிலதான் உங்கட சாரன் நெய்வன்."

"அப்ப மஞ்சள் கோட்டோடதான் நான் தொழப் போகணும். இஞ்ச பொடியன்மார் சிரிப்பானுகள்."

"சிரிக்கட்டும். நீங்க வாற நாளச் சொல்லுங்க, நானும் சிரிக்கிறன்."

அவன் பேச்சைக் குச்சிக்கே திருப்பினான். "குச்சியில தேங்காயெண்ணெய் பூசிப் பாரு" என்றான்.

பூசினாள். மஞ்சளோடு எண்ணெய்க் கறையும் சேர்ந்தது.

கோட்டை உற்றுப் பார்த்தாள். ஒவ்வொரு குச்சியிலும் நூல் முடியப்போகும் இடத்தில்தான் அது வந்தது. கடைசியாக அவிழும் நூல், மரத்தை ஒட்டிக் கிடந்த நூல். நெசவு இறுக்கமாக அமைய ஊடு நூலை ஈரத்தோடு சுற்றுவது வழக்கம். நனைத்த பஞ்சால் வெறும் குச்சியைத் துடைத்தாள், பஞ்சு மஞ்சளானது. சாயம் மரத்தில் இருந்தது, அதை வெளியே இழுத்தது ஈரம். தேங்காயெண்ணெய் எத்தனை நாளானாலும் காயாது, ஈரத்தை மறிக்காது. இறுகி நிற்கிற ஒன்று வேண்டும். தையல் நூலுக்குப் பூசும் தேன்மெழுகு அவளிடம் இருந்தது.

காலிதீன் குச்சி கடைந்த கடைச்சல் மெசினின் மூடுதுணியை எடுத்தாள். அவன் உயரத்துக்கு அமைத்த மேசை. பலகை போட்டு ஏறி நின்றாள். இடுக்கில் அவன் சீவிய பலாச் சுருள்கள் அப்படியே கிடந்தன. அவற்றைத் தட்டிவிட மனம் வரவில்லை.

எண்ணெய் படாத குச்சிகளுக்கு மெழுகேற்றி, கறைபட்ட துண்டை வெட்டிவிட்டுப் புதிதாக நெய்தாள். வியாழன் மாலை தறியிலிருந்து இறங்கிய சாரன் முழு வெள்ளை.

அன்றிரவு காலிதீன் செய்முறை கேட்டபோது சொன்னாள்: "காய்ஞ்ச குச்சிய மெசின்ல சுத்தவிட்டு, தேன்மெழுக மெல்லத் தொட வைக்கணும். பிறகு பருத்தித் துணியால அழுத்திப் பிடிச்சா, உரசுற சூட்டுல மெழுகு உருகி மரத்துக்குள்ள இறங்கும். ஆறினாப் பிறகு ஈர நூல் சுத்தலாம், மஞ்சள் ஏறாது."