இன்னைக்கு என்ன படிச்ச?

இந்தக் கதையில் வருகிறவனுக்கு மேதை என்று பெயர். யாரும் வைத்ததல்ல; அவனே தன்னைக் கேலி செய்துகொள்ள வைத்துக்கொண்டது, அதுவும் எல்லாம் நடந்து முடிந்த பிறகு.

லிஃப்ட் ரிப்பேர் செய்வது அவன் வேலை. தொழிற்படிப்பை முடித்த அன்றே புத்தகங்களைப் பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போட்டு, வந்த காசில் வயிறு முட்டத் தின்றுவிட்டு, "இனிமே பரீட்சைங்கற பேச்சே கிடையாது" என்று படிப்பைத் தலைமுழுகியவன். அதற்கப்புறம் எந்த லிஃப்ட் மக்கர் பண்ணினாலும் அவனிடம் ஒரே வைத்தியம்தான்: மெயினை அணை, கொஞ்சம் பொறு, மறுபடி போடு. பெரும்பாலும் அது பலித்துவிடும். பலிக்காதபோது சீனியரைக் கூப்பிடுவான். இந்த லட்சணத்தில் தனக்கு எல்லாம் தெரியும் என்று வேறு நினைப்பு!

புது மாதிரி லிஃப்ட்டுகள் வந்ததும் கம்பெனி சாயங்கால வகுப்பு வைத்தது. எனக்கே பாடமா என்று மேதைக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் அவன் குடியிருந்தது அக்கா வீட்டில், ஏழாம் மாடியில். அக்காவுக்கு நிறைமாதம், அவளை எதிர்த்துப் பேச மாமாவுக்கே தைரியம் கிடையாது.

"ஒழுங்கா போய்ப் படி. என் பிள்ளையோட தாய்மாமன் அரைகுறைன்னு யாரும் சொல்லக் கூடாது" என்றாள்.

சரி சரி என்று தலையாட்டிவிட்டு, சாயங்காலமெல்லாம் கூட்டாளியின் சலூனில் கேரம் ஆடினான். வீடு திரும்பினால் அக்கா கேட்பாள், "இன்னைக்கு என்னடா படிச்ச?"

மேதை அசரமாட்டான். சட்டைக் கையை மடித்துக்கொண்டே, "சென்சார் எல்லாம் முடிச்சாச்சுக்கா. இப்ப எனக்கு அது தண்ணி பட்ட பாடு" என்பான். அக்கா பூரித்துப்போய், அதை மாடி மாடியாகச் சொல்லிவைத்தாள்.

ஒரு நாள் காலை கரண்ட் போய் வந்தது. மாமா வேலைக்குக் கிளம்பிப் போயிருந்தார். அக்கா ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நாள். மாடிப்படிப் பக்கமே போகக் கூடாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். வெளியே வந்து பார்த்தால், லிஃப்ட் கூப்பிட்டதற்கு வராமல் ஆமை வேகத்தில் கீழே ஊர்ந்துகொண்டிருந்தது. அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வந்த எதிர்வீட்டு டாக்ஸிக்காரர் கையைப் பிசைந்தார்.

"எதுக்குக் கவலைப்படறீங்க? என் தம்பி இதுக்குத்தானே படிக்கறான்!" என்றாள் அக்கா. லிஃப்ட்டுக்காக அங்கே நின்ற அக்கம்பக்கத்தார் அத்தனை பேரின் தலைகளும் அவன் பக்கம் திரும்பின.

'எனக்குத் தெரியாது' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பிரச்சினை அங்கேயே முடிந்திருக்கும். கெத்து விடுமா? உள்ளே ஆள் இல்லை என்று பார்த்துக்கொண்டான். அந்த அளவுக்காவது மூளை இருந்தது. மொட்டைமாடி அறைக்கு ஓடி மெயினை அணைத்தான், போட்டான். லிஃப்ட் மறுபடி ஊர்ந்தது. மறுபடி அணைத்தான், போட்டான். மூன்றாம் தடவை அது ஊரக்கூட இல்லை. சிவப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு ஒரேயடியாகப் படுத்துவிட்டது.

கம்பெனிக்குப் போன் போட்டான். அவனோடு வேலைக்குச் சேர்ந்த கண்ணாடிக்காரி எடுத்தாள்.

"அட கூறுகெட்டவனே! கரண்ட் போய் வந்தா, அது மெதுவா அடிமாடி வரைக்கும் போய், எந்த மாடி எங்க இருக்குன்னு திரும்பத் தெரிஞ்சுக்கிட்டு வரும். சும்மா விட்டிருந்தா அஞ்சு நிமிஷத்துல சரியாகியிருக்கும். ரெண்டாவது கிளாஸ்லயே சொன்னாங்களே, நீ எங்க போய்த் தொலைஞ்ச?"

உடனே கிளம்புகிறேன் என்றாள். ஆனால் அவன் ஏழாம் மாடிக்கு இறங்கி வந்தபோது அக்கா சுவரில் சாய்ந்து நின்றாள். முகமெல்லாம் வேர்வை. "வலிக்குதுடா" என்றாள். மேதைக்குப் பாதி உயிர் போய்விட்டது.

கைவைத்த மரநாற்காலியில் அவளை உட்காரவைத்து, அவனும் டாக்ஸிக்காரரும் ஆளுக்கொரு பக்கம் தூக்கிக்கொண்டு படி இறங்கினார்கள். வலி கொஞ்சம் விட்டபோதெல்லாம் அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு, "தண்ணி பட்ட பாடுன்னியே, தண்ணி பட்ட பாடு!" என்றாள். நாலாம் மாடித் திருப்பத்தில் நாற்காலி சுவரில் இடித்தது. அவள் அவன் முகத்தைப் பார்த்தாள்.

"நீ கிளாஸுக்குப் போகவே இல்ல, அப்படித்தானே?"

"போகலக்கா."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான். இவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் அதற்கு நான்தான் காரணம் என்ற நினைப்பில், மீதிப் படிகளை அழுதுகொண்டே இறங்கினான்.

நல்லவேளை, அன்று மத்தியானமே சுகப்பிரசவம். பெண் குழந்தை. அவ்வளவு நேரமும் ஆஸ்பத்திரி வாசலில் நின்று, தெரிந்த சாமி தெரியாத சாமி எல்லாரையும் துணைக்குக் கூப்பிட்டுக்கொண்டிருந்த மேதை அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

மறுநாள் வகுப்புக்குப் போனான். முதல் வரிசை, கண்ணாடிக்காரிக்குப் பக்கத்து நாற்காலி. பாதிப் பாடம் ஏற்கெனவே ஓடிப்போயிருந்ததால் எல்லாம் தலைக்கு மேலே போனது. ஒரு இரும்புப் பெட்டி, கரண்ட் போனால் கௌரவம் பார்க்காமல் அடிமாடிக்குப் போய் முதலிலிருந்து தொடங்குகிறது. எனக்கு மட்டும் என்ன கேடு என்று தன்னையே திட்டிக்கொண்டு, விடாமல் எழுதினான்.

குழந்தையோடு அக்கா வீடு திரும்பியபோது வகுப்பு முடிந்து வந்திருந்த அவன்தான் வாசலில் பையை வாங்கிக்கொண்டான். கண்ணாடிக்காரி சரிசெய்துவிட்டுப் போயிருந்த லிஃப்ட் வந்தது. ஏறினார்கள். அதுவரை அவனோடு முகம் கொடுத்துப் பேசாத அக்கா, குழந்தையைப் பார்த்தபடியே கேட்டாள்.

"இன்னைக்கு என்னடா படிச்ச?"

பழக்கதோஷத்தில் அவன் கை சட்டைக் கையை மடிக்கப் போனது. பாதியில் நின்றது.

"ஒண்ணும் புரியலக்கா. நாளைக்கு இன்னொரு தடவை சொல்லித் தரச்சொல்லிக் கேக்கணும்."

அக்கா நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்ப நெஜமாவே போயிருக்க" என்று சொல்லி, குழந்தையை அவன் கையில் கொடுத்தாள்.