வளை வாசலில் வைத்த கேமரா

டெஸ்மண்ட் நரிக்கு சாசேஜ் போடுகிறவர். அதுவும் பொரித்து, ஆறவைத்து, சின்னச் சின்னதாக நறுக்கி, பீங்கான் தட்டில் வைத்து. அவரைப் பக்கத்து வீட்டுக்காரர் என்று சொல்லிக்கொள்ளவே எனக்கு வெட்கமாக இருக்கும். சாயங்காலம் வருகிற பெண் நரிக்கு 'டாஃப்னி' என்று பெயர் வேறு. செத்துப்போன மாமியார் பெயராம். அந்த அம்மாள் உயிரோடு இருந்தபோது இந்த மனுஷன் ஒரு டீ போட்டுக் கொடுத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

அது தின்பதைப் போனில் படம்பிடித்து, ஊர் நரிகளைப் படமெடுக்கிற எங்கள் குழுவுக்கு அனுப்புவார். படம் நெடுக அவர் குரல்தான். "வாடி செல்லம், இன்னொண்ணு தின்னு, யாரு உன்னைக் கேக்கப்போறா!" ஐம்பது பேர் அதற்கு இதயம் போடுவார்கள். போன வருடம் சர்ச் ஹாலில் குழு நடத்திய திரையிடலில் முதல் பரிசும் அதற்குத்தான். கருமம்!

நான் அப்படிப்பட்டவள் இல்லை. அதே நரியைத்தான் நான்கு வருடமாகப் படம்பிடிக்கிறேன். ஒரு ரொட்டித் துண்டு போட்டதில்லை, பெயர் வைத்ததில்லை. எங்கள் தெருவுக்குப் பின்னால் ரயில் மேட்டுச் சரிவில், முள்புதருக்குள் அதன் வளை. எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. குட்டிகள் முதல்முதலாக வளையை விட்டுத் தலைநீட்டும் காட்சி. வருடத்தில் ஒரே ஒருமுறை, ஏப்ரல் கடைசியில் நடப்பது. முதல் வருடம் பாட்டரி தீர்ந்தது. அடுத்த வருடம் லென்ஸ்மேல் நத்தை ஏறி உட்கார்ந்தது. போன வருடம் மழை. எனக்கு அறுபத்தெட்டு வயது, முட்டி இரண்டும் போய்விட்டன. அந்தச் சரிவில் அடுத்த வருடம் ஏற மாட்டேன் என்று டாக்டர் சொல்லித்தான் தெரியவேண்டும் என்பதில்லை.

அதனால் இந்தமுறை கேமராவை வளைக்கு மூன்றடிக்குள் வைக்கத் துணிந்தேன். முன்னால் ஏதாவது அசைந்தால் தானே படம்பிடிக்கும் கேமரா அது. ஒரே சிக்கல், மனுஷ வாடை. டெஸ்மண்டாக இருந்தால் மூஞ்சிக்கு சென்ட் அடித்துக்கொண்டு போய் நின்றிருப்பார். நான் ஆற்றுக்கு அக்கரையில் உள்ள கோல்ஃப் மைதானம்வரை பஸ்ஸில் போய், நரிப் பீயாகப் பொறுக்கி, வெண்ணெய் டப்பாவில் கொண்டுவந்தேன்.

"ஃப்ரிட்ஜ்ல வச்சே, நான் என் தங்கச்சி வீட்டுக்குப் போயிடுவேன்," என்றார் என் கணவர் ராய்.

தோட்டத்தில் உட்கார்ந்து கேமரா, கையுறை, பூட்ஸ் எல்லாவற்றிலும் அதைப் பூசினேன். வேலிக்கு மேலே டெஸ்மண்டின் தலை எழுந்தது.

"ஏம்மா மேவிஸ், என்ன இந்த நாத்தம்?"

"நரி வாடை. ஒரு வேலையை ஒழுங்கா செய்யறவங்க இப்படித்தான் செய்வாங்க."

"எந்த நரியோடதும்மா?"

"ஏன், அதுக்கும் ஒரு பேரு வைக்கணுமா?" என்றேன். மனுஷன் முகம் சுருங்கி இறங்கிப்போனார். எனக்கு அன்று முழுக்க அப்படியொரு சந்தோஷம்.

கேமராவை வளையருகே வைத்து இரண்டு நாள் கழித்து அதன் கார்டை எடுத்துவந்து, சமையலறை மேசையில் ராயோடு உட்கார்ந்து பார்த்தேன். விடிகாலை, நல்ல வெளிச்சம். வாயில் எலியோடு பெண் நரி வருகிறது. சட்டென்று நிற்கிறது. எலி கீழே விழுகிறது. பிடரி மயிர் சிலிர்க்க, கேமராவை நோக்கி வந்து மோந்து மோந்து பார்க்கிறது. பிறகு ஒரே பாய்ச்சலில் வளைக்குள் போய், குட்டியொன்றைக் கழுத்தில் கவ்விக்கொண்டு வந்து ஓடுகிறது. திரும்பி வந்து இன்னொன்று. அப்புறம் இன்னொன்று. நான்காவது குட்டி கத்திக்கொண்டே போனது. அதற்குப் பிறகு, புதர் காற்றில் அசைந்தபோதெல்லாம் பதிவான காலி வளைதான்.

"வேற எடத்து நரி வாசல்ல வந்து நிக்குதுன்னு பயந்திருக்கு," என்றார் ராய். "குட்டிங்களைக் கொன்னுடும்னு நெனச்சிருக்கும், பாவம்."

நான்கு வருடம் மண்ணாங்கட்டியைத்தான் கற்றுக்கொண்டிருக்கிறேன். அதை அதன் வீட்டிலிருந்து துரத்தியவள் நான்தான்.

ஒரு வாரம் சோறு தண்ணி இறங்கவில்லை. எட்டாம் நாள் மத்தியானம் டெஸ்மண்ட் வேலியருகே வந்து கிசுகிசுத்தார்.

"மேவிஸ், சத்தம் போடாம வாம்மா. என் தோட்டத்து ஷெட்டுக்கு அடியில டாஃப்னியோட குட்டிங்க கத்துற சத்தம் கேக்குது. இன்னும் வெளிய வரல. கேமராவை எடுத்துட்டு வா. எங்க வைக்கணும், எப்படி வைக்கணும்னு எல்லாம் உனக்குத்தானே தெரியும்."

"அந்தக் கேமராவைக் கொண்டுவந்தா நரி இங்கேர்ந்தும் போயிடும்," என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. அதையே அவர் செய்திருந்தால் நான் வருடம் முழுக்கச் சிரித்திருப்பேன்.

அவர் வீட்டுச் சமையலறை ஜன்னலில் நின்றோம். அவர் போனை ஷெட்டை நோக்கிப் பிடித்துக்கொண்டார். நாலு மணி சுமாருக்கு, ஷெட்டின் பலகைக்கு அடியிலிருந்து புகை நிறத்தில் ஒரு குட்டித் தலை வெளியே வந்தது. வெயில் பட்டுக் கண்ணைச் சுருக்கியது. மனுஷன் மூச்சுக்கூட விடவில்லை.

"எடுத்தேனாம்மா?" என்று கடைசியில் கேட்டார்.

வாங்கிப் பார்த்தேன். பாதிக்கு அவர் கட்டைவிரல். மீதிப் பாதியில், கோணலாக, அந்தத் தலை.

"நல்லா வந்திருக்கு டெஸ்மண்ட்," என்றேன். "எனக்கும் ஒண்ணு அனுப்புறீங்களா?"